சொந்த நிலத்தில் குடும்பக் கல்லறை: நம் வட்டாரத்தார் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பேரா மாநிலத்தின் சுங்கை சிப்புட் வட்டாரத்துத் தோட்டம் ஒன்றில் நான் முப்பது ஆண்டுகளுக்கு மேல் கிராணியாக (எழுத்தராக) வேலை பார்த்தேன். ஓய்வுபெற்ற பிறகு கோயில் நிர்வாகத்தில் செயலாளராக இருப்பதால், மனு எழுதவும் பாரம் நிரப்பவும் பலர் என்னைத் தேடி வருகிறார்கள். அப்படி வருகிறவர்களில் மாதத்துக்கு ஒருவராவது, தங்கள் குடும்பத்தாரைத் தங்கள் சொந்த நிலத்திலேயே அடக்கம் செய்ய முடியுமா என்று கேட்கிறார். ஒரே பதிலைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருப்பதைவிட எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியதால், கேட்டவர்களின் வாய்ச்சொல்லிலேயே கேள்விகளைத் தந்திருக்கிறேன். இவை தீபகற்ப மலேசியாவுக்குப் பொருந்தும். நான் வழக்கறிஞன் அல்லன். பணம் செலவழிப்பதற்கு முன்பு வழக்கறிஞர் ஒருவரைப் பார்த்துவிடுங்கள்.

ஐயா, சொந்த நிலம்தானே? அப்பாவ அங்கேயே அடக்கம் பண்ணினா யார் கேட்கப் போறாங்க?

கேட்பதற்கு இரண்டு அலுவலகங்கள் இருக்கின்றன. 1976 ஆம் ஆண்டு உள்ளாட்சிச் சட்டத்தின்படி, இடுகாடாகவோ சுடுகாடாகவோ ஓர் இடத்தைப் பயன்படுத்த வேண்டுமானால் உள்ளாட்சி மன்றத்தின் உரிமம் வேண்டும். தேசிய நிலச் சட்டத்தின்படி, ஒரு நிலம் எந்தப் பயன்பாட்டுக்காகக் கொடுக்கப்பட்டதோ அதற்கு மட்டுமே பயன்பட வேண்டும். நிலம் உங்கள் பெயரில் இருப்பதால் இந்த இரண்டு தேவைகளில் எதுவும் விலகிவிடாது.

இடுகாடு, சுடுகாடு சம்பந்தப்பட்ட விவகாரங்களைக் கூட்டரசு அரசமைப்பின் ஒன்பதாவது அட்டவணை மாநிலப் பட்டியலில் வைத்திருக்கிறது. நிலமும் மாநிலத்தின் கையில்தான் இருக்கிறது. ஆகையால் ஜொகூரில் உங்கள் சம்பந்தியார் வீட்டில் நடந்த ஒன்றைக் காட்டிப் பேராவில் அதையே கேட்க முடியாது.

முதல்ல எங்க போகணும்? நகராண்மைக் கழகமா, நில அலுவலகமா?

நம் வட்டாரத்துக்குக் கோலகங்சார் நகராண்மைக் கழகமும் கோலகங்சார் மாவட்ட நில அலுவலகமும்தான் பொறுப்பு. முதலில் நகராண்மைக் கழகத்தின் திட்டமிடல் பிரிவுக்குப் போய், வட்டாரத் திட்ட வரைபடத்தில் உங்கள் லோட் (நிலத்துண்டு) எந்தப் பயன்பாட்டுக்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது என்று கேளுங்கள். குடியிருப்புக்கு என்று குறிக்கப்பட்ட இடத்தில் கல்லறைக்கு அனுமதி கிடைக்கும் என்று எதிர்பார்த்து, நில அலுவலகத்துக்கு நடையாய் நடப்பதில் பயனில்லை.

நிலத்தின் பயன்பாட்டை மாற்றுவதற்கு 1976 ஆம் ஆண்டு நகர, கிராமத் திட்டமிடல் சட்டத்தின் கீழ் திட்ட அனுமதியும் தேவைப்படும். மனு உள்ளே போனதும் சுகாதார இலாகா, நீர்ப்பாசன வடிகால் இலாகா போன்றவற்றின் கருத்தைக் கேட்பார்கள். அவற்றில் ஒன்று மறுத்தாலும் கோப்பு அங்கேயே தங்கிவிடும். ஏற்கனவே பொது இடுகாடு உள்ள ஊரில் தனிக் குடும்பத்துக்கு எதற்கு இன்னொன்று என்பதுதான் அதிகாரிகளின் முதல் கேள்வியாக இருக்கும். அதற்கு உங்களிடம் நல்ல பதில் இல்லையென்றால் மனு போடுவதற்கு முன்பே யோசித்துக்கொள்ளுங்கள்.

எங்க கிராண்ட்ல "பெர்த்தானியான்"னு போட்டிருக்கு. மூணு ஏக்கர் செம்பனை. ஒரு மூலைய மட்டும் ஒதுக்கக் கூடாதா?

கிராண்டில் (நில உரிமைப் பத்திரத்தில்) பெர்த்தானியான், அதாவது விவசாய வகை என்று குறிக்கப்பட்ட நிலத்தின் ஒரு மூலையில் அடக்கம் செய்தாலும் நிபந்தனை மீறல் முழு நிலத்தின் மீதும் ஏறும். நில நிர்வாகி முதலில் சரிசெய்யச் சொல்லலாம், அபராதம் விதிக்கலாம். கடைசியில் நிலத்தைப் பறிமுதல் செய்யவும் தேசிய நிலச் சட்டத்தின் 127 ஆம் பிரிவு இடம் தருகிறது. முறையான வழி 124 ஆம் பிரிவின் கீழ் வகையையோ நிபந்தனையையோ மாற்றக் கோருவது. அதற்குப் பிரிமியம் கட்ட வேண்டியிருக்கும், நில வரியும் மாறும்.

அந்த மூலையை மட்டும் தனிக் கிராண்டாகப் பிரித்துக்கொள்ளலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். விவசாய நிலத்தை ஒரு ஹெக்டேரில் ஐந்தில் இரண்டு பங்குக்கு, அதாவது 0.4 ஹெக்டேருக்குக் குறைவாகப் பிரிக்கச் சட்டம் இடம் கொடுப்பதில்லை. இது ஏறக்குறைய ஓர் ஏக்கர். நான்கு குழிமேட்டுக்காக ஓர் ஏக்கர் செம்பனையை விட்டுக்கொடுக்க எந்தக் குடும்பமும் முன்வந்து நான் பார்த்ததில்லை.

எங்களோடது தாத்தா காலத்துப் பழைய கிராண்ட். அதுல நிபந்தனைனு ஒண்ணுமே எழுதலையே?

இந்தக் கேள்வி நம் வட்டாரத்தில் அடிக்கடி வருவதற்குக் காரணம் இருக்கிறது. ஐம்பதுகளில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்றுவிட்டுக் கிளம்பியபோது, வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு துண்டாக்கி விற்றார்கள். அதனால் வேலையும் லயத்து வீடும் இழந்து நின்ற பாட்டாளிகளுக்காகத்தான், இதே சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ.தி. சம்பந்தன் 1960 இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். அந்தக் காலத்தில் சிறு துண்டுகளை வாங்கிப் போட்ட குடும்பங்களின் கைகளில் இன்றும் பழைய கிராண்டுகள் இருக்கின்றன.

எழுதப்படவில்லை என்பதால் நிபந்தனை இல்லை என்று ஆகிவிடாது. தேசிய நிலச் சட்டம் 1966 ஜனவரி 1 அன்று நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்பு கொடுக்கப்பட்டு, வெளிப்படையான நிபந்தனை எதுவும் இல்லாத கிராமப்புற நிலம் விவசாயத்துக்கு மட்டுமே உரியது என்று 53 ஆம் பிரிவு சொல்கிறது. ஆகவே மேலே சொன்ன பதிலே உங்களுக்கும் பொருந்தும்.

நிலம் டி.ஓ.எல்.தான். ஆனா நாப்பது வருஷமா தவறாம பணம் கட்டுறோம்.

வேண்டவே வேண்டாம். டி.ஓ.எல். எனப்படும் தற்காலிகக் குடியிருப்பு உரிமம் ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் 31 உடன் முடிந்துவிடும், புதுப்பித்தால்தான் தொடரும். அதை வேறொருவருக்கு மாற்றிக் கொடுக்க முடியாது என்பதோடு, உரிமம் வைத்திருப்பவர் இறந்தால் அதுவும் முடிந்துபோகிறது. தாத்தாவின் பெயரில் உரிமம் இருந்து, அதே நிலத்தில் தாத்தாவைப் புதைத்தால், குழி வெட்டும்போதே அது உங்களுக்கு உரிமம் இல்லாத அரசாங்க நிலமாக இருக்கும்.

கிராண்ட்ல அண்ணன் தம்பி நாலு பேர் பேரும் இருக்கு, பேங்க் கடனும் இருக்கு. என் பங்குல நான் செய்யலாம்தானே?

பிரிக்கப்படாத நிலத்தில் "என் பங்கு" என்று கையைக் காட்ட ஒரு மூலை கிடையாது. ஒவ்வோர் அங்குலத்திலும் நால்வருக்கும் உரிமை உண்டு. நால்வரும் கையெழுத்துப் போட வேண்டும். அடமானம் இருந்தால் வங்கியின் எழுத்துபூர்வமான சம்மதமும் வேண்டும். கல்லறை உள்ள நிலத்தை ஏலத்தில் யாரும் எளிதில் எடுக்க மாட்டார்கள் என்பது வங்கிக்கும் தெரியும்.

அனுமதி கிடைச்சதுனு வச்சுக்குவோம். எந்த இடத்துல குழி வெட்டணும்?

மேட்டு நிலம் வேண்டும். கிணறு, ஓடை, வடிகால் வாய்க்கால் ஆகியவற்றிலிருந்து விலகியும், நீர் அவற்றை நோக்கி ஓடும் சரிவில் இல்லாமலும் இருக்க வேண்டும். ஆனி, ஆடி மாத வெயிலில் பார்த்து இடம் முடிவு செய்யாதீர்கள். அக்டோபர், நவம்பர் மழையில் ஆறடிக்கு ஒரு சோதனைக் குழி வெட்டி, மேலே தகரம் போட்டு மூடி, மறுநாள் காலை திறந்து பாருங்கள். அடியில் தண்ணீர் ஊறி நின்றால் அந்த இடம் உதவாது. ஆற்றோரத் தாழ்நிலங்களில் நாலடியிலேயே தண்ணீர் வந்துவிடும்.

குழி ஆழமாக இல்லாவிட்டால் காட்டுப் பன்றி கிளறிவிடும். முதல் சில மாதங்களுக்கு மண் அமுங்கும் என்பதால், கருமாதி முடிந்த கையோடு சிமெண்டுக் கல்லறை கட்ட அவசரப்படாதீர்கள். ஒரு மழைக்காலம் போகட்டும், இல்லாவிட்டால் கல் ஒருபக்கம் சாய்ந்துவிடும். லோட்டின் எல்லைக் கல்லிலிருந்து குழிமேடு எத்தனை மீட்டர் தொலைவில் இருக்கிறது என்று அளந்து, ஒரு வரைபடம் போட்டு, கிராண்ட் நகலோடு வைத்திருங்கள். அதன் அருமை அடுத்த பதிலில் தெரியும்.

தோட்டத்துச் சுடுகாட்டுப் பக்கம் எங்க பாட்டன் குழிமேடு இருக்கு. அதுக்குப் பக்கத்துலயே அம்மாவையும் வைக்கலாமா?

பழைய தோட்டங்களில் இடுகாட்டுக்கு இடம் விட்டது பெரும்பாலும் துரையின் வாய்வார்த்தைதான். அது கம்பெனியின் கிராண்டுக்குள் இருக்கும் நிலம். தோட்டம் கைமாறும்போது புதிய முதலாளிக்கு அந்த வாய்வார்த்தை போய்ச் சேர்வதில்லை. என் பாட்டியின் குழிமேடும் அப்படியோர் இடத்தில்தான் இருந்தது. செம்பனையை இருபத்தைந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை சாய்த்து மறுநடவு செய்வார்கள். அப்படி ஒரு மறுநடவுக்கு வந்த குத்தகைக்காரரின் மண்வாரி இயந்திரம் மரங்களோடு குழிமேடுகளையும் சேர்த்துச் சமப்படுத்திவிட்டது. மறுநடவுக்கான கூலிக் கணக்கை எழுதியவன் நான். இடுகாடு எந்தத் தோட்ட வரைபடத்திலும் குறிக்கப்படவில்லை என்பதை அதற்கு முன்பே நான் கவனித்திருக்க வேண்டும். தீபாவளிக்கு முன்பு படையலோடு போய், வரிசையாக நின்ற கன்றுகளுக்கு நடுவே எது பாட்டியின் இடம் என்று தெரியாமல் திரும்பி வந்தோம்.

1948 ஜூன் 16 அன்று இதே சுங்கை சிப்புட்டில் சுட்டுக் கொல்லப்பட்ட மூன்று துரைமாரின் கல்லறைகளைப் பத்து காஜா நகரின் கல்லறைத் தோட்டத்தில் இன்றும் பெயரோடு பார்க்கலாம். அதே ஆண்டில் அதே தோட்டங்களில் இறந்த பால்மரம் வெட்டியவர்களின் குழிமேடுகளைத் தேடிப் பாருங்கள். அந்தக் கல்லறைத் தோட்டத்துக்கென்று தனி நிலமும் பொறுப்பாளர்களும் இருக்கிறார்கள், நம்மவர்களுக்கு இருந்தது வாய்வார்த்தை.

ஆகவே கம்பெனி நிலத்தில் அம்மாவை அடக்கம் செய்வதற்கு முன்பு, நிர்வாகத்தின் எழுத்துபூர்வமான சம்மதமும், அந்த இடத்துக்கு உள்ளாட்சி மன்ற உரிமம் உண்டா என்ற விவரமும் கையில் இருக்க வேண்டும். இரண்டும் இல்லையென்றால் பொது இடுகாட்டுக்குப் போவதே நல்லது.

வேணும்னே இடிச்சா போலீஸ்ல பிடிக்க மாட்டாங்களா?

தண்டனைச் சட்டத்தின் 297 ஆம் பிரிவு, புதைகுழி இடங்களில் அத்துமீறி நுழைவதைக் குற்றமாக்குகிறது. ஆனால் பிறரின் மனத்தைப் புண்படுத்தும் நோக்கமோ, அப்படிப் புண்படும் என்ற அறிவோ இருந்ததைக் காட்ட வேண்டும். கல்லும் பெயரும் வரைபடமும் இல்லாத ஒரு மண்மேட்டைத் தள்ளிய இயந்திர ஓட்டுநர், தமக்குத் தெரியாது என்று சொன்னால் என்ன செய்வீர்கள்? புகார் கொடுங்கள், ஆனால் அதை மட்டும் நம்பியிருக்காதீர்கள்.

நான் கண்ண மூடின பிறகு பிள்ளைங்க நிலத்த வித்துட்டா? "விற்கவே கூடாது"னு உயில்ல எழுதிட்டா சரியாப்போகும்ல?

இதுதான் எல்லாவற்றிலும் கடினமான கேள்வி. உரிமம் வாங்குவதைவிட இதில்தான் குடும்பங்கள் ஏமாந்துபோகின்றன. நம் நாட்டிலேயே இதற்குப் பழைய தீர்ப்பு ஒன்று இருக்கிறது. பினாங்கில் சீனக் குடும்பத்துப் பெண்மணி ஒருவர், குடும்பத்தாரின் கல்லறைகள் இருந்த இரண்டு தோட்டங்களைக் குடும்பப் புதைகுழி நிலமாகவே வைத்திருக்க வேண்டும், அடமானம் வைக்கவோ விற்கவோ கூடாது என்று உயில் எழுதினார். இயாப் செயா நியோ எதிர் ஓங் செங் நியோ என்ற அந்த வழக்கு, அக்காலத்தில் மேல்முறையீட்டின் உச்ச மன்றமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. 1875 இல் அந்த ஏற்பாடு செல்லாது என்று தீர்ப்பாயிற்று. ஒரு குடும்பத்துக்கு மட்டும் பயன்படும் கல்லறை பொது அறக்கொடை ஆகாது. அறக்கொடை அல்லாத ஒன்றுக்காகச் சொத்தை என்றென்றைக்கும் கட்டிப்போட முடியாது என்பது அதன் சாரம்.

அந்த அம்மையார் வசதியானவர். முறையாகத்தான் உயில் எழுதியிருந்தார். அவருடைய விருப்பமே நிற்கவில்லை என்றால், வெள்ளைத்தாளில் நாம் எழுதி மடித்து வைப்பது எந்த மூலைக்கு? உயிலில் உங்கள் விருப்பத்தைத் தெரிவிக்கலாம், பிள்ளைகளுக்கு அது ஒரு வேண்டுகோளாக இருக்கும். பேரன் காலத்தில் நிலத்தை வாங்குகிறவரை அது கட்டுப்படுத்தாது.

அப்ப காவியட் போட்டு வைக்கலாமா?

காவியட் என்பது நிலத்தைக் கைமாற்றவிடாமல் தடுக்க நிலப் பதிவேட்டில் போடும் குறிப்பு. தனியார் காவியட் ஆறு ஆண்டுகளில் காலாவதியாகிவிடும். அதைவிட முக்கியம், காவியட் போடுகிறவருக்கு அந்த நிலத்தில் பதிவு செய்யத்தக்க உரிமையோ அதற்கான கோரிக்கையோ இருக்க வேண்டும். "என் அப்பா அங்கே இருக்கிறார்" என்பது நமக்குப் பெரிய உரிமைதான், நிலப் பதிவேட்டுக்கு அப்படியில்லை. விற்பனையைத் தடுக்கக் காரணமில்லாமல் காவியட் போட்டு, அதனால் நில உரிமையாளருக்கு நட்டம் வந்தால், நட்டஈடு கேட்டு உங்கள் மீதே வழக்கு வரலாம்.

டிரஸ்ட் அமைச்சா?

கிராண்டில் ஒருவரை அறங்காவலராகப் பதிவு செய்யத் தேசிய நிலச் சட்டத்தின் 344 ஆம் பிரிவு வழி தருகிறது. அதனால் ஒரு தலைமுறைக்குப் பாதுகாப்புக் கிடைக்கலாம். ஆனால் குடும்பத்துக்கு மட்டுமான டிரஸ்ட் என்றால், உயில் பற்றிய பதிலில் சொன்ன அதே தடை இங்கேயும் வந்து நிற்கும்.

அப்படினா நிரந்தரமா காப்பாத்த வழியே கிடையாதா, ஐயா?

ஒன்று இருக்கிறது, ஆனால் அதற்கு "எங்கள் குடும்பத்துக்கு மட்டும்" என்பதை விட்டுக்கொடுக்க வேண்டும். நிலத்தின் ஒரு பகுதியை அரசாங்கத்திடம் ஒப்படைத்து, அதை இடுகாட்டு ரிசர்வாக (இடுகாட்டுக்கென்றே ஒதுக்கிய நிலமாக) கெசட்டில், அதாவது அரசிதழில், அறிவிக்கக் கோரலாம். 62 ஆம் பிரிவின் கீழ் அப்படி அறிவிக்கப்பட்ட நிலம் அந்தக் காரியத்துக்கு மட்டுமே பயன்படும், அதற்குப் பொறுப்பான அதிகாரியும் குறிப்பிடப்படுவார். ரிசர்வை நீக்க வேண்டுமானால் முன்கூட்டியே அறிவிப்பு வெளியிட்டு ஆட்சேபங்களைக் கேட்க வேண்டும் என்று 64 ஆம் பிரிவு சொல்கிறது. விற்க முடியாது, பிள்ளைகளுக்குள் பாகப்பிரிவினையும் வராது.

ஆனால் ஒப்படைத்த பிறகு அது உங்கள் நிலம் அல்ல. பக்கத்துக் குடும்பத்தின் பாட்டியும் அங்கே வருவார். இரண்டு மூன்று குடும்பங்களோ ஒரு கோயில் நிர்வாகமோ சேர்ந்து கேட்டால், பொதுத் தேவை என்று எடுத்துச்சொல்லவும் எளிதாக இருக்கும். என்னைக் கேட்டால், தனிக் கல்லறைக்காகச் செலவழிக்கும் அலைச்சலை இதற்குச் செலவழிக்கலாம். கெசட் கையில் வரும் வரை, "ரிசர்வ் ஆகிவிடும்" என்று யார் வாய்வார்த்தை கொடுத்தாலும் குழி வெட்டாதீர்கள்.

எங்க நிலத்துக்குப் பாதையே கிடையாது. தோட்டத்துச் செம்மண் ரோட்டுலதான் போறோம்.

தோட்டத்துக் கேட் ஒருநாள் பூட்டப்படும். வண்டி வர முடியாத இடத்துக்குச் சவத்தை எப்படிக் கொண்டுபோவீர்கள் என்பதை நகராண்மைக் கழகமும் கேட்கும். பக்கத்து நிலக்காரர் சம்மதித்தால் அதை வழியுரிமையாகக் கிராண்டில் பதிவு செய்துவிடுங்கள். பதிவு செய்தால் நிலம் கைமாறினாலும் அது தொடரும். சம்மதிக்காவிட்டால் நில நிர்வாகியிடம் வழிப்பாதை உரிமைக்கு மனு செய்யலாம். அந்த உரிமையும் நிலத்தை வைத்திருப்பவருக்குத்தான் கிடைக்கும். நிலத்தை விற்றுவிட்டு, ஆண்டுக்கொருமுறை கல்லறைக்கு மட்டும் போய்வருகிறேன் என்றால் அது செல்லாது.

கல்லறைக்கு மேல கூரை, சுத்தி மதில் கட்டலாமா?

பெயர்க்கல் பதிக்கலாம். நிரந்தரக் கூரை, மண்டபம், மதில் என்று போனால் கட்டட வரைபட அனுமதி வேண்டும். சிறு சமாதி சில ஆண்டுகளில் கோபுரம் வைத்த கோயிலாக வளர்ந்து, அதை உடைக்க நோட்டீஸ் வந்த கதைகள் நமக்குத் தெரியாதவை அல்ல.

பழைய குழிமேட்டத் தோண்டி எலும்ப எடுத்து வேற இடத்துல வைக்க முடியுமா?

முடியும், ஆனால் அனுமதியோடு. ஐயரை அழைத்து, மண்வெட்டியை எடுத்துக்கொண்டு இரவோடு இரவாகப் போவது ஆபத்து. சவத்தை அவமதித்ததாகப் புகார் எழலாம். உள்ளாட்சி மன்றம், சுகாதார இலாகா, நில உரிமையாளர் ஆகியோருக்கு எழுதுங்கள். புதிதாக வைக்கப்போகும் இடத்தின் உரிமையையும் அந்தக் கடிதத்திலேயே காட்டுங்கள். தோட்டம் விற்கப்படப்போகிறது என்று காதில் விழுந்தவுடனே எழுதிவிட வேண்டும். கைமாறுவதற்கு முன்பு, பழைய நிர்வாகம் நம் முகம் அறிந்தது. புதிய நிர்வாகத்துக்கு நாம் யாரோ.

எரிச்சுட்டு, சாம்பல மட்டும் நம்ம நிலத்துல வச்சா?

குடும்ப வழக்கம் இடம் கொடுத்தால் நான் ஆதரிக்கும் வழி இதுதான். சுகாதாரக் கேள்விகள் எழுவதில்லை, ஒரு பூச்செடிக்கு வேண்டிய இடம் போதும், நிலத்தை விற்கும் நாள் வந்தால் கலயத்தை எடுத்துக்கொண்டு போகலாம். மேலே கட்டடம் எழுப்பினால் மட்டும் கூரை பற்றிய பதிலைப் பாருங்கள். குழந்தைகளையும் துறவு பூண்டவர்களையும் எரிப்பதில்லை என்ற வழக்கம் உள்ளவர்களும், குலவழக்கப்படி அடக்கம் செய்பவர்களும், கிறிஸ்தவக் குடும்பங்களும் தங்கள் பெரியவர்களோடு கலந்து முடிவு செய்துகொள்ள வேண்டும்.

அப்பா இப்பதான் தவறிட்டாரு. நாளைக்கு நம்ம நிலத்துல வைக்கணும்னு கடைசியா கேட்டாரு. என்ன செய்யட்டும்?

இந்தத் தொலைபேசி அழைப்பு பெரும்பாலும் இரவில்தான் வரும். இதுவரை எழுதிய அனுமதிகளில் எதையும் ஓர் இரவில் வாங்க முடியாது, மாதக்கணக்கில் ஆகும். முதலில் இறப்பைத் தெரிவித்து, புதைப்பதற்கான அனுமதிச் சீட்டைப் பெறுங்கள். அது இல்லாமல் எந்த இடுகாட்டிலும் குழி வெட்டாதீர்கள். பிறகு பொது இடுகாட்டுப் பொறுப்பாளரை அழைத்து இடம் கேளுங்கள். அடையாள அட்டையையும் அந்தச் சீட்டையும் இரண்டு மூன்று நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்; பிறகு இறப்புப் பதிவுக்குத் தேசியப் பதிவு இலாகாவுக்குப் போக வேண்டியிருக்கும்.

அவர் ஆசைப்பட்ட நிலத்திலிருந்து ஒரு வாளி மண் எடுத்துப் போய் முதல் பிடியாகக் குழிக்குள் போடலாம். அதற்கு எந்த இலாகாவிடமும் கேட்க வேண்டியதில்லை.